உடைந்த சன்னல் கைப்பிடிக்குக் கயிறு கட்டலாமா? வீட்டிலேயே மாற்றும் முறை

சன்னல் கைப்பிடி உடைந்துபோன பல வீடுகளில் ஒரே காட்சியைத்தான் காண முடிகிறது. சன்னல் கதவிலிருந்து கிரில் கம்பி வரை ஒரு ராஃபியா கயிறு இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று கட்டிய கயிறு, அடுத்த தீபாவளிக்குச் சாயம் பூசும் வரை அப்படியே இருக்கும்.

தாமான் வீடாக இருந்தாலும், அடுக்குமாடியாக இருந்தாலும், தோட்டத்து வீடாக இருந்தாலும் இது பொது. கைப்பிடி என்பது சிறிய பொருள். ஹார்ட்வேர் கடையில் வாங்கி, ஒரு ஸ்குரூடிரைவரை வைத்து, பெரும்பாலான வீடுகளில் அரை மணி நேரத்தில் மாற்றிவிடலாம். ஆனால் இரண்டு விஷயங்களில்தான் பலரும் தவறுகிறார்கள். ஒன்று, அளவு எடுக்காமல் கடைக்குப் போவது. மற்றொன்று, பழைய கைப்பிடி ஏன் உடைந்தது என்று பார்க்காமல் புதியதை மாட்டுவது. இரண்டாவது தவறைச் செய்தால் புதுக் கைப்பிடியும் விரைவில் உடையும்.

கயிற்றால் வரும் ஆபத்து

கைப்பிடியின் வேலை சன்னலைத் திறப்பது மட்டுமன்று. அதன் நாக்கு பிரேமில் மாட்டிக்கொள்ளும்போது, சன்னல் கதவு ரப்பரோடு அழுந்தி நிற்கிறது. அந்த அழுத்தம்தான் மழை நீரையும் காற்றையும் தடுக்கிறது. கயிறு கதவை இழுத்துப் பிடிக்குமே தவிர, அழுத்திப் பிடிக்காது. காற்று அடிக்கும்போதெல்லாம் கதவு கொஞ்சம் திறந்து கொஞ்சம் மூடும். கண்ணாடிக்கும், கதவைத் தாங்கும் பட்டைகளுக்கும் அந்த ஆட்டம் கேடு.

கிழக்குக் கரை மாநிலங்களில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. மேற்குக் கரையில் விடியற்காலையில் திடீரென வீசும் சுமத்ரா காற்று. இரண்டுமே வீட்டார் தூங்கும் நேரத்தில் சன்னலைப் பதம் பார்க்கக்கூடியவை. தரை வீடுகளில் பூட்டாத சன்னல் திருடனுக்கு வசதி. அடுக்குமாடியிலோ வேறு ஆபத்து. வெளிப்பக்கம் திறக்கும் கதவு காற்றில் அடித்து அடித்துப் பிடி தளர்ந்தால், கீழே நடந்து செல்பவர் தலையில் விழலாம். 2018-ஆம் ஆண்டு கோலாலம்பூர் அடுக்குமாடி ஒன்றில் மேலிருந்து விழுந்த நாற்காலி ஒரு பள்ளி மாணவரின் உயிரைப் பறித்ததை நம் சமூகம் மறந்திருக்காது. உயரத்திலிருந்து விழும் எந்தப் பொருளும் சிறிய பொருள் அல்ல.

கைப்பிடி ஏன் உடைகிறது?

சந்தையில் கிடைக்கும் கைப்பிடிகளில் பல, துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்துச் செய்யப்பட்டவை. பார்க்கக் கனமாக இருக்கும். ஆனால் வளையாது, ஒடியும். சன்னல் இலகுவாக மூடும் வரை அதற்குச் சிக்கல் இல்லை. சன்னல் இறுகிப்போய், மூடும்போதெல்லாம் பலம் கொடுத்து முறுக்க வேண்டியிருந்தால், ஒருநாள் கழுத்துப் பகுதியில் ஒடிந்துவிடும்.

சன்னல் இறுகுவதற்குப் பொதுவான காரணங்கள் நான்கு. தாங்கு பட்டைகளில் துரு, தூசி, காய்ந்த சிமெண்டு படிந்திருக்கலாம். பட்டையின் ஸ்குரூ கழன்று கதவு ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம். வீட்டுக்குச் சாயம் பூசியபோது, சாயம் இடுக்கில் வழிந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஓரத்து ரப்பர் காய்ந்து சுருண்டு இடையில் சிக்கியிருக்கலாம்.

ஆகவே கைப்பிடியைக் கழற்றும் முன், சன்னலை மெதுவாகத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். பிரேமில் உரசுகிறதா, எந்த மூலையில் உரசுகிறது, கதவு தொங்குகிறதா என்று கவனித்தால் காரணம் பெரும்பாலும் கண்ணில் பட்டுவிடும். சாயத்தைச் சுரண்டி எடுக்கலாம். தூசியைப் பழைய பல் துலக்கியால் தேய்த்து எடுக்கலாம். பட்டைகளின் மூட்டுகளில் மட்டும் ஒரு துளி மெல்லிய எண்ணெய் விடலாம். சமையல் எண்ணெய் வேண்டாம். அது நாளடைவில் பிசினாகித் தூசியைப் பிடிக்கும், எறும்பும் வரும்.

எந்த வகைச் சன்னல்?

நம் வீடுகளில் பெரும்பாலும் நான்கு வகைச் சன்னல்களைக் காணலாம்.

முதலாவது, வெளிப்பக்கம் திறக்கும் அலுமினியச் சன்னல். இதன் கைப்பிடியைத் திருப்பினால் ஒரு நாக்கு பிரேமின் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். இரண்டு அல்லது நான்கு ஸ்குரூக்கள் பிடித்திருக்கும். புதிய கொண்டோ வீடுகளில் சில கைப்பிடிகளின் பின்னால் ஒரு சதுரக் கம்பி இருக்கும். அது உள்ளே நுழைந்து மேலும் கீழும் உள்ள பூட்டுகளை நகர்த்தும்.

இரண்டாவது, பக்கவாட்டில் தள்ளும் சன்னல். இதில் பிறை வடிவப் பூட்டு இருக்கும்.

மூன்றாவது, கண்ணாடிப் பலகைகளை அடுக்கிய நாகோ சன்னல். ஒரு பக்கத்துக் கைப்பிடியை ஏற்றி இறக்கினால் எல்லாப் பலகைகளும் சேர்ந்து திறந்து மூடும்.

நான்காவது, பழைய தோட்டத்து வீடுகளிலும் பழைய அரசாங்கக் குடியிருப்புகளிலும் இன்னும் இருக்கும் மரச் சன்னல். இதற்குக் கொக்கியும் தாழ்ப்பாளும்தான் பூட்டு.

கடைக்குப் போகும் முன் எடுக்க வேண்டிய அளவுகள்

"சன்னல் கைப்பிடி ஒன்று கொடுங்கள்" என்று கேட்டால் கடைக்காரர் பத்து விதம் எடுத்துப் போடுவார். எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். வீட்டுக்கு வந்து வைத்துப் பார்த்தால் துளை பொருந்தாது. இதைத் தவிர்க்க நான்கு விவரங்கள் தேவை.

முதலில், ஸ்குரூ துளைகளுக்கு இடையே உள்ள தூரம். ஒரு துளையின் நடுவிலிருந்து அடுத்த துளையின் நடு வரை மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். நடுப்புள்ளியைக் கண்ணால் பிடிப்பது சிரமமாக இருந்தால், ஒரு துளையின் இடது ஓரத்திலிருந்து மற்றதன் இடது ஓரம் வரை அளக்கலாம். துளைகள் ஒரே அளவாக இருந்தால் விடை ஒன்றுதான்.

இரண்டாவது, நாக்கின் உயரம். கைப்பிடியின் தட்டையான அடிப்பகுதியிலிருந்து நாக்கு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். பலரும் விட்டுவிடும் அளவு இதுதான். இரண்டு மூன்று மில்லிமீட்டர் மாறினாலே நாக்கு பிரேமில் ஏறாது; அல்லது ஏறினாலும் சன்னல் இறுகி நிற்காது. பிறைப் பூட்டுக்கும் இதே விதிதான். சதுரக் கம்பி வகையாக இருந்தால் கம்பியின் தடிப்பையும் நீளத்தையும் அளக்க வேண்டும்.

மூன்றாவது, இடக்கையா வலக்கையா என்பது. வீட்டுக்குள் நின்று பார்க்கும்போது கைப்பிடி சன்னல் கதவின் எந்தப் பக்கம் இருக்கிறது, நாக்கு எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, நிறம். அடுக்குமாடிகளில் வெளித்தோற்றத்தை மாற்ற நிர்வாகத்தின் அனுமதி தேவைப்படும். உள்பக்கக் கைப்பிடிக்கு அந்தச் சிக்கல் இல்லை என்றாலும், பிரேமின் நிறத்திலேயே வாங்குவது கண்ணுக்கு நன்றாக இருக்கும்.

எல்லாவற்றையும்விட எளிய வழி, பழைய கைப்பிடியைக் கழற்றிக் கையோடு கடைக்கு எடுத்துப் போவதுதான். உடைந்த துண்டையும் சேர்த்து எடுத்துப் போக வேண்டும். கழற்றும் முன் கைத்தொலைபேசியில் இரண்டு மூன்று படங்கள் எடுத்துக்கொள்வது நல்லது. மாட்டும்போது எது மேலே, எது கீழே என்ற குழப்பம் வராது.

கருவிகளும் கிரில் சிக்கலும்

நான்கு முனை ஸ்குரூடிரைவர், மில்லிமீட்டர் அளவுகோல், பழைய துணி, துரு இளக்கும் எண்ணெய், உறுதியான கயிறு ஆகியவை போதும்.

மலேசிய வீடுகளில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. கிரில் உள்பக்கம் இருக்கும்; கைப்பிடி கிரிலுக்கு அப்பால் இருக்கும். சாதாரண ஸ்குரூடிரைவரை நேராகப் பிடிக்க முடியாமல் கம்பி இடிக்கும். சாய்த்துப் பிடித்துத் திருகினால் ஸ்குரூவின் தலை தேய்ந்துபோகும். அதன்பின் அதைக் கழற்றுவது பெரும்பாடு. கைப்பிடி கிரில் கம்பிக்கு ஒட்டியிருந்தால் குட்டையான ஸ்குரூடிரைவரும், தள்ளியிருந்தால் நீளமான மெல்லிய தண்டு உள்ளதும் கைகொடுக்கும். வாங்கும் முன் கிரிலுக்கும் கைப்பிடிக்கும் உள்ள இடைவெளியை அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாற்றும் முறை

மழையும் காற்றும் இல்லாத பகல் நேரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிறு பிள்ளைகள் அந்த அறையில் இருக்கக் கூடாது. மாடி வீடாக இருந்தால் ஒருவர் சன்னலைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் வேலை செய்வதே பாதுகாப்பு.

முதலில் சன்னலை மூடி, கதவைக் கிரிலோடு கயிற்றால் கட்டிவிட வேண்டும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் கயிறு சரியான துணை. கைப்பிடியைக் கழற்றியதும் சன்னலைப் பிடித்து வைக்க வேறு எதுவும் இருக்காது.

கீழே துணியை விரித்து, கிரிலுக்கும் சன்னலுக்கும் இடையே உள்ள இடுக்கையும் அடைத்துவிட வேண்டும். விழும் ஸ்குரூ அதில் தங்கும்.

சில கைப்பிடிகளில் ஸ்குரூ வெளியே தெரியாது. ஒரு பிளாஸ்டிக் மூடி மறைத்திருக்கும். அல்லது கைப்பிடியைத் திருப்பினால்தான் ஸ்குரூ கண்ணில் படும். மூடியை மெல்லிய முனையால் நெம்பி எடுக்கலாம்.

ஸ்குரூ துருப்பிடித்திருந்தால் பலம் காட்டக் கூடாது. துரு இளக்கும் எண்ணெயை ஒரு துளி விட்டு, கால் மணி நேரம் காத்திருந்து, முதலில் இறுக்கும் பக்கம் சற்றே திருப்பி, பிறகு கழற்றும் பக்கம் திருப்பினால் இளகிக் கொடுக்கும்.

பழைய கைப்பிடி வந்ததும், அந்த இடத்தில் இருக்கும் துருத் தூளையும் காய்ந்த சிலிக்கனையும் துடைத்தெடுக்க வேண்டும். புதுக் கைப்பிடியை வைத்து எல்லா ஸ்குரூக்களையும் கையால் பாதி வரை மட்டும் திருகி, கயிற்றை அவிழ்த்து, மூடிப் பார்க்க வேண்டும். நாக்கு பிரேமில் சரியாக ஏறினால், ஒன்று மாற்றி ஒன்றாக ஸ்குரூக்களை இறுக்கலாம். அலுமினியம் மெதுவானது. "இன்னும் ஒரு திருகு" என்று ஆசைப்பட்டால் துளையின் மரை தேய்ந்துவிடும்.

புதிய ஸ்குரூ பழையதைவிட நீளமாக இருக்கக் கூடாது. பிரேமுக்குள் கண்ணாடியின் ஓரம் இருக்கிறது. நீளமான ஸ்குரூ அதில் முட்டினால் கண்ணாடி விரிசல் விடும். ஸ்குரூ துருப்பிடிக்காத எஃகாக இருப்பது நல்லது. கடலோர ஊர்களில் அது கட்டாயம் என்றே கொள்ளலாம். துளை தேய்ந்து ஸ்குரூ சுழன்றுகொண்டே இருந்தால், அதே நீளத்தில் ஒரு சுற்று தடித்த ஸ்குரூவைப் போடலாம்.

கடைசியாக ஒரு சோதனை. ஒரு துண்டுத் தாளைச் சன்னலுக்கும் பிரேமுக்கும் நடுவில் வைத்து மூடிப் பூட்ட வேண்டும். தாளை இழுத்தால் இறுக்கமாக நிற்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டால் நாக்கு போதுமான அளவு இழுக்கவில்லை என்று பொருள். மூன்று நான்கு இடங்களில் இப்படிப் பார்த்தால் மழை எங்கே உள்ளே வரும் என்பது முன்பே தெரிந்துவிடும்.

நாகோவும் மரச் சன்னலும்

நாகோ கைப்பிடி உடைந்தால் பலர் கண்ணாடியையே கையால் தள்ளித் திறக்கிறார்கள். இது கை கிழியும் வேலை. கண்ணாடி விளிம்பும் உடையும், அதைப் பிடித்திருக்கும் கவ்வியும் வளையும். நாகோவில் கைப்பிடி பெரும்பாலும் பக்கச் சட்டத்தோடு ரிவெட் அடிக்கப்பட்டிருப்பதால், கைப்பிடியை மட்டும் மாற்றுவதைவிட சட்டத்தையே மாற்றுவது எளிது. கடைக்குப் போகும் முன் கண்ணாடிப் பலகைகளின் எண்ணிக்கை, ஒரு பலகையின் அகலம், கைப்பிடி இடப்பக்கமா வலப்பக்கமா ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். தடித்த கையுறை அணிந்து, மேல் பலகையில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கண்ணாடிகளை உருவி எடுத்துப் பத்திரமாக வைத்த பிறகே சட்டத்தில் கை வைக்க வேண்டும்.

மரச் சன்னலில் கொக்கி ஆடுவதற்குக் காரணம் பெரும்பாலும் கொக்கியன்று. ஸ்குரூ துளை பெரிதாகிப்போனதுதான். பல் குத்தும் குச்சிகளில் மரப் பசையைத் தடவித் துளைக்குள் நெருக்கமாகச் செருகி, ஓரத்தோடு நறுக்கிவிட்டு, ஒருநாள் காய விட்டு மீண்டும் ஸ்குரூ போட்டால் பிடித்துக்கொள்ளும். கறையான் அரித்துப் பொடியாகும் மரத்துக்கு இது உதவாது. அந்தக் கட்டையையே மாற்ற வேண்டும்.

கை வைக்கக் கூடாத இடங்கள்

கைப்பிடி வேறு, கதவைத் தாங்கும் பட்டை வேறு. மேலும் கீழும் உள்ள தாங்கு பட்டை வளைந்திருந்தாலும், அதன் ரிவெட் ஒன்று காணாமல் போயிருந்தாலும், கண்ணாடியில் விரிசல் இருந்தாலும், அந்தச் சன்னலைத் திறக்காமல் கட்டிவைத்துவிட்டு, கண்ணாடி அலுமினிய வேலை செய்பவரை அழைக்க வேண்டும். மாடி வீட்டில் வெளியே உடலைச் சாய்த்து எட்டிப் பிடித்து வேலை செய்வது கூடவே கூடாது.

கைப்பிடியே ரிவெட் அடிக்கப்பட்டிருந்தால், அதைத் துளைத்து எடுக்க மின் துளைப்பானும் ரிவெட் அடிக்கும் கருவியும் தேவை. இரண்டும் கையில் இல்லாதவர்கள் அதையும் வேலை தெரிந்தவரிடம் விடுவதே நல்லது.

இந்த ரிவெட் விஷயத்தில் அண்டை நாடான சிங்கப்பூர் ஒரு பாடம் கற்றிருக்கிறது. அங்கே அடுக்குமாடிகளிலிருந்து சன்னல்கள் விழுந்த சம்பவங்களைத் தொடர்ந்து, 2004 அக்டோபர் 1 முதல், வெளிப்பக்கம் திறக்கும் சன்னல்களில் உள்ள அலுமினிய ரிவெட்டுகளைத் துருப்பிடிக்காத எஃகு ரிவெட்டுகளாக மாற்றுவது வீட்டு உரிமையாளரின் கடமை என்று சட்டமே ஆக்கப்பட்டது. மாற்றாதவருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பராமரிக்காத சன்னல் கீழே விழுந்தால் அபராதம் 10,000 வெள்ளி வரை, சிறை ஓராண்டு வரை. அலுமினிய ரிவெட் காலப்போக்கில் தேய்ந்து அறுந்துபோவதே அதற்குக் காரணம். அந்தச் சட்டம் இங்கே இல்லை. ஆனால் உலோகம் தேய்வதற்கு எல்லைக்கோடு கிடையாது.

செலவு யாருடையது?

சொந்த வீட்டில் இந்தக் கேள்வி இல்லை. வாடகை வீட்டில் ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். எப்படி இருந்தாலும் உடைந்த கைப்பிடியைப் படம் எடுத்து, வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு மாற்றுவது பிற்காலப் பேச்சுவார்த்தைக்கு உதவும்.

தோட்ட நிர்வாகம் கொடுத்த வீடுகளில் நிலைமை வேறு. தொழிலாளர்களுக்கான வீட்டு வசதிகளின் குறைந்தபட்சத் தரத்தைப் பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது சட்டம் 446, முதலாளி கொடுக்கும் வீடுகள் நல்ல நிலையில் பழுதுபார்த்து வைக்கப்பட வேண்டும் என்கிறது. மூடாத சன்னலைப் பற்றி நிர்வாகத்திடம் சொல்வது சலுகை கேட்பதாகாது. ஒரு வீட்டார் தனியாகச் சொல்வதைவிட, வரிசையில் உள்ள வீடுகளின் பழுதுகளை ஒரே தாளில் எழுதி, தேதியிட்டு, நகல் ஒன்றை வைத்துக்கொண்டு கொடுப்பது பலன் தரும்.

பூட்டும் சாவியும்

புதுக் கைப்பிடி வாங்கும்போது பலர் சாவி வைத்துப் பூட்டும் வகையைக் கேட்கிறார்கள். சிறு பிள்ளைகள் உள்ள மாடி வீட்டுக்கு அது நல்ல பாதுகாப்பு. ஆனால் தீ பிடித்தால் அதே பூட்டு குடும்பத்தை உள்ளே அடைத்துவிடும். சாவியைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத, பெரியவர்கள் இருட்டிலும் எடுக்கக்கூடிய ஒரே இடத்தில் மாட்டி, அந்த இடத்தைப் பாட்டி முதல் வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லாருக்கும் காட்டி வைக்க வேண்டும். திறக்கும் கிரிலின் சாவிக்கும் இதே விதிதான். சன்னலுக்குக் கீழே பிள்ளைகள் ஏறக்கூடிய நாற்காலியோ கட்டிலோ இருந்தால் அதைத் தள்ளிப் போடுவதும் இந்த வேலையோடு சேர்ந்ததே.

ஆண்டுக்கு இரு முறை, தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போதும் பள்ளி ஆண்டு விடுமுறையிலும், எல்லாச் சன்னல்களையும் ஒருமுறை திறந்து மூடிப் பார்த்தால் போதும். ஆடும் ஸ்குரூவை அன்றே இறுக்கிவிட்டால் கைப்பிடி பல ஆண்டுகள் உழைக்கும். பிள்ளைகளில் சற்று வளர்ந்தவரை அருகில் நிறுத்தி, ஸ்குரூடிரைவரை அவர் கையில் கொடுத்துச் செய்யச் சொன்னால், அடுத்த முறை கைப்பிடி உடையும்போது அந்த வீட்டில் யாரும் ராஃபியா கயிற்றைத் தேடமாட்டார்கள்.